ஏழாம் கேள்வி

ஒரு படிவத்துக்கு நாற்பது ரூபாய்.
காரைக்குடியில் பயிற்சி தந்தவர் சொன்னார்:
பதிலைத் தூண்டாதே, தலையசைக்காதே,
மோர் கொடுத்தால் குடி, உட்கார்ந்துவிடாதே.

ஏழாவது கேள்விக்காகத்தான் மற்ற பதினெட்டும்.
உங்கள் பகுதியில் சூரிய மின்பூங்கா அமைவதை
ஆதரிக்கிறீர்களா?
ஆம். இல்லை. கருத்து இல்லை.
மூன்று வட்டம். ஒன்றைத் தொட்டால்தான்
எட்டாவது திறக்கும்.

பூங்கா என்றதும்
புதுவயல் ஆலைக் களத்தில் பூவாயி சிரித்துவிட்டாள்.
"ஊஞ்சல் போடுவாகளா?"
அவித்த நெல்லைக் காலால் கோதிக்கொண்டே
களத்தின் கடைசிவரை போனாள், திரும்பி வந்தாள்.
"வெயில்ல கரண்ட் எடுக்கப் போறாகளாக்கும். எடுக்கட்டும்.
நாங்க இருபது வருசமா வெயில்ல சோறு எடுக்குறோம்,
அதுக்கு யாரும் வந்து கருத்துக் கேக்கல."
ஆம் என்று போடவா?
"போடு. ஆலையில டிரையர் மிசின் வாங்கப் போறாகளாம்,
அதையும் இந்தக் கரண்ட்லதான் ஓட்டுவாகளான்னு
கேட்டுச் சொல்லு."
அந்தக் கேள்வி என் படிவத்தில் இல்லை.

மூன்றுகட்டு வீட்டின் காவல்காரர் சாத்தையா
அண்ணாந்து கை காட்டினார்.
மொட்டைமாடியில் நாற்பத்தெட்டு தகடு.
முதலாளி மலேசியாவில்.
உள்ளே எரிவது சாமியறையில் ஒரு பல்பு,
இவர் கட்டிலுக்கு மேலே ஒன்று.
"மத்தியானம் மீட்டர் பின்னால ஓடும் தாயி.
நாற்காலி போட்டுப் பாத்துக்கிட்டே இருப்பேன்.
என் வீட்டுக்கும் கேட்டேன்.
தகரக் கூரை தாங்காதுன்னுட்டுப் போயிட்டாக."
ஆதரிக்கிறீர்களா?
"நான் யாரு ஆதரிக்க? ஐயாவுக்குப் போன் போடவா?"
கருத்து இல்லை என்பதைத் தொட்டேன்.
அது பொய் என்று எனக்குத் தெரியும்,
தொட்ட விரலுக்கும்.

கிழக்கே பொட்டல், சீமைக்கருவேலம்.
கரிமூட்டத்துப் புகைக்குள்ளிருந்து வந்த சேவுகன்
கேள்வியை முடிக்கவிடாமல்
இல்லை என்றான்.
பட்டா உள்ளவர்களுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று
இருபத்தெட்டு வருசக் குத்தகை எழுதியாகிவிட்டது.
புறம்போக்கில் மூட்டம் போட்டவனுக்கு வேலி.
"புகை கெட்டதுதான். எம் பிள்ளைக்கே இளைப்பு.
அது வேணாங்கல.
அதுல எனக்குன்னு ஒண்ணுமில்லங்கிறேன்.
ரெண்டும் வேற வேற. எழுத இடமிருக்கா?"
குறிப்பு என்ற பெட்டியில்
முப்பது எழுத்துக்கு மேல் ஏறாது.

அப்போது டேப்லெட்டில் நான்கு சதவீதம்.
அணைந்தால் அன்றைய பதினொரு படிவமும் போகும்.
அவன் வீட்டில் ஒரே பிளக்.
அவன் மனைவி அடைக்காத்தாள் ஒன்றும் கேட்கவில்லை,
ஃபேன் வயரைப் பிடுங்கி
என் வயரைச் செருகினாள்.
பாயில் பிள்ளை புரண்டது.
நோட்டு அட்டையால் விசிற ஆரம்பித்தாள்.
இருபது சதவீதம் ஏறும்வரை
வலக்கை, பிறகு இடக்கை, மறுபடி வலக்கை.
நான் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு என்ன தோணுது என்று
படிவத்தில் இல்லாததைக் கேட்டேன்.
"இது வந்தா ராத்திரி ஃபேன் நிக்காம ஓடுமா?"
பூங்காவின் கம்பி இந்த ஊரில் இறங்காது,
கோபுரம் கோபுரமாய்த் தாண்டிப் போகும்.
வரைபடம் என் பையிலேயே இருந்தது.
தெரியாது என்றேன்.

மாதக் கடைசியில் அறிக்கை.
ஆதரவு அறுபத்தொரு சதவீதம்.
வழவழத் தாளில் ஒரு வட்டம்,
அதில் பெரிய துண்டு மஞ்சள்.
பூவாயி அந்த மஞ்சளில் எங்கோ,
டிரையர் கேள்வியைக் கழற்றி வைத்துவிட்டு.
சாத்தையா சாம்பல் நிறம்.
மெல்லிய சிவப்புக் கீற்றில் சேவுகன்.

அடைக்காத்தாளைத் தேடிப் பார்த்தேன்.
வீட்டுக்கு ஒருவர் என்பது விதி.
அந்த வீட்டில்
கேள்வியை முடிக்கவிடாதவன்தான்
அந்த ஒருவர்.